பதினாறாம் நாளுக்குள் பாட்டியை எழுதி வையுங்கள்

ஊர் முக்கில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒரு நிமிடம் நின்று வாசித்துப் பாருங்கள். இறந்தவர் பாட்டி என்றால் கணவர் பெயர், மகன்களின் பெயர், அவர்கள் பார்க்கும் வேலை, பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். அவர் எந்த ஊரில் பிறந்தார், என்ன வேலை செய்தார் என்று ஒரு சொல் இருக்காது. ஐம்பது வருடம் நாற்று நட்டவரும், பீடி சுற்றியவரும், இட்லி விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியவரும் அந்தத் தாளில் 'பாசமிகு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். இது பெரிய அநியாயம். பாசம் எல்லா அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டி யார் என்பது விவரமாக எழுதி வைத்தால்தான் நிற்கும்.

உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைப்பதுதான் நல்லது. அது தவறிவிட்டால், காரியம் முடியும்வரை ஒரு வாய்ப்பு இருக்கிறது. கூடப்பிறந்தவர்கள், நாத்தனார், ஓரகத்தி எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. அவரைப் பாவாடை கட்டிய சிறுமியாகப் பார்த்தவர்கள் அதில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பதினாறு முடிந்ததும் அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

முதலில் வருஷங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். பிறந்த தேதி தெரியாத எத்தனையோ பேருக்கு வயதைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டுப் போட்ட தேதி அது. ஜாதகம் இருந்தால் தமிழ் வருஷப் பெயரைப் பாருங்கள். அறுபது வருஷச் சுற்று என்பதால் ஒரு பாட்டியின் விஷயத்தில் குழப்பம் வராது. 'விகாரி' என்றால் 1959 சித்திரையில் தொடங்கிய வருஷம். ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விகாரி தை மாதம் என்றால் அது 1960 ஜனவரி, பிப்ரவரியில் வரும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு இதனால் ஒரு வயது கூடிப்போகிறது.

ஜாதகம் இல்லாத வீடுகளே அதிகம். அங்கே "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது (1964 டிசம்பர்) கல்யாணம் ஆகியிருந்ததா, அண்ணா இறந்தபோது (1969) மடியில் எந்தப் பிள்ளை, எம்ஜிஆர் இறந்தபோது (1987) எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் கூலியை அணாவில் வாங்கினாரா, நயா பைசாவிலா என்பதும் உதவும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆனால் அதன் பிறகும் பல காலம் நாலணா, எட்டணா என்று பேச்சில் இருந்ததால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்குங்கள். பித்தளைக் குடத்தின் கழுத்திலோ எவர்சில்வர் தூக்கின் பக்கவாட்டிலோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். சீர் கொடுத்தவர் பெயரும் தேதியும்கூடச் சில நேரம் இருக்கும். சின்னவர்களுக்கு அந்த எழுத்து பிடிபடாமல் போகலாம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் 'னா', 'ணா', 'றா' எல்லாம் சுழித்து ஒரே எழுத்தாக இருந்தன, 'லை', 'னை' துதிக்கையோடு இருந்தன. 'மீனாட்சி' என்ற பெயரே வேறு ஏதோ போலத் தெரியும். புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். வெளிச்சம் நேரே விழுந்தால் புள்ளிகள் மறைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து தெரியும்.

பேச்சைப் பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மடித்த துண்டின் மேல் போனை வைத்து, பேசுபவரிடமிருந்து இரண்டு சாண் தள்ளி இருக்கட்டும். காலைப் பலகாரம் முடிந்த நேரம் நல்லது. முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள். "அவங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் "நல்லவ, பாவம்" என்பதோடு முடிந்துவிடும். "கல்யாணமாகி வந்தப்ப அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு? தண்ணி எங்கேருந்து தூக்கினாங்க?" என்று கேட்டால் வீடு முழுக்க எழுந்து வரும். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை" என்று கேளுங்கள். பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் அவர்கள் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள், அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம்.

கைப்பக்குவம் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடுகிறது. பாட்டி இருக்கும்போது "எவ்வளவு புளி?" என்று கேட்டால் எலுமிச்சை அளவு என்பார். அந்த எலுமிச்சை ஒருவர் கையில் 25 கிராம், இன்னொருவர் கையில் 40. ஆகவே சமையலுக்கு முன் உப்பு ஜாடி, புளிப் பானை, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் போக்கில் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி எடை போட்டால், குறைந்ததுதான் அவர் போட்டது. கையை நிறுத்தி நிறுத்தி அளந்தால் அந்தக் கையே தடுமாறிவிடும். கல்லுப்பா தூளுப்பா என்பதைக் குறிக்க மறக்காதீர்கள்; ஒரே கரண்டியில் தூளுப்பு எடை கூடுதலாக நிற்கும். அரிசி அளந்த ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி மில்லி பாருங்கள். கணக்குப்படி 168 வர வேண்டும், ஆனால் வீட்டு ஆழாக்கு எல்லாம் அப்படி இருக்காது.

மாலை போட்டு மாட்டுவதற்குப் பிரதி போதும். அசல் படத்தை வெயிலும் ஊதுபத்திப் புகையும் தின்ன விடாதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுக்கலாம். பின்பக்கம் பேர் எழுத மென்மையான பென்சில்தான், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் விழும். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப்போன படம்தான் மிஞ்சும்.

மெத்தையையும் தலையணையையும் வெளியே தூக்கிப் போடும் அவசரத்தில் தலைமாட்டு மஞ்சப்பையும் சேர்ந்து போய்விடுகிறது. பழைய ரேஷன் கார்டு, தபால் ஆபீஸ் பாஸ்புக், மகளிர் குழு நோட்டு, யாருக்கு எவ்வளவு மொய் செய்தார் என்ற கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். யாராவது ஒருவர் தரையில் துணி விரித்து, அதைக் கொட்டி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பாருங்கள்.