புலமைப்பித்தன் பெயரையும் போடுங்கள்

‘சங்கத்தில் பாடாத கவிதை’ பாட்டை இணையத்தில் யார் பகிர்ந்தாலும் கீழே நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். இது மலையாள ‘தும்பி வா’ மெட்டு என்பார் ஒருவர். இந்தியில்தான் இன்னும் அருமை என்பார் இன்னொருவர். கடைசியில் இசையமைத்த இளையராஜாவைச் சொல்லி, ராஜா ராஜாதான் என்று முடியும். ராஜா ராஜாதான், அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் வரிகளை எழுதிய கவிஞர் புலமைப்பித்தன் பெயர் எங்குமே வருவதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

1982-ல் பாலு மகேந்திரா மலையாளத்தில் எடுத்த ‘ஓளங்கள்’ படத்தில் எஸ். ஜானகி பாடியது ‘தும்பி வா’. வரிகள் ஓ.என்.வி. குறுப்பு. தும்பியைக் கூப்பிட்டு ஊஞ்சல் ஆடலாம் வா என்கிற பாட்டு. அதே ஆண்டு இங்கே விஜயகாந்தின் ‘ஆட்டோ ராஜா’ வந்தது. மற்ற பாட்டுகளுக்கு இசை சங்கர் கணேஷ். இந்த ஒன்று மட்டும் இளையராஜா கொடுத்தது. ஜானகியோடு அவரே பாடவும் செய்தார். மெட்டு அதேதான். ஆனால் புலமைப்பித்தன் கைக்குப் போனதும் ஊஞ்சலும் தும்பியும் போய், முழுக் காதல் பாட்டாகிவிட்டது.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அங்கே ஜானகியின் குரல் குழந்தையோடு குழந்தையாக ஓடுகிறது. இங்கே அதே குரல் கொஞ்சம் தயங்கி, இழைந்து, பக்கத்தில் இருக்கும் ஒருவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று பாடுகிறது. பாடகி மாறவில்லை, ஆண்டும் மாறவில்லை. வேறு பாட்டை அவர் பாட வேண்டியிருந்ததற்குக் காரணம் வரிகள்தானே? ‘சங்கத்தில்’ என்று எடுத்து அடுத்த அடியை ‘அங்கத்தில்’ என்று எதுகையில் தொடுக்கிறார் புலமைப்பித்தன். சங்கப் புலவர்களையே துணைக்கு அழைத்துக் காதலியைப் புகழ்வது தமிழில் ஊறியவருக்குத்தான் வரும். 1968-ல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் ‘நான் யார் நான் யார்’ எழுதியபோதே தெரிந்த திறமைதான் அது.

அப்புறம் 1983-ல் இந்தி ‘சத்மா’. ‘மூன்றாம் பிறை’யின் இந்தி வடிவம் அது, ஆனால் தமிழ்ப் படத்தில் இந்த மெட்டு கிடையாது. சுரேஷ் வாட்கர் பாட, கவிஞர் குல்சார் வாழ்க்கையைப் பார்த்து ‘என்னைத் தழுவிக்கொள்’ என்று எழுதினார். இப்போது அதில் குழந்தையும் இல்லை, காதலியும் இல்லை. பட்ட துயரத்தையெல்லாம் ஏற்றுக்கொண்ட ஒருவனின் கெஞ்சல் மட்டும்தான். 2009-ல் பால்கியின் ‘பா’ படத்திலும் மெட்டு ஒருமுறை திரும்பி வந்தது.

இந்திக்காரர்கள் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது குல்சாரை விடுவதில்லை. மலையாளிகள் ஓ.என்.வி.யை விடுவதில்லை. நாம் மட்டும் இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தப் பாட்டைப் பாடி ஏற்றும் பிள்ளைகள் எவ்வளவோ நன்றாகப் பாடுகிறார்கள். இசை, குரல் என்று போடும் இடத்தில் ‘வரிகள்: புலமைப்பித்தன்’ என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.