அந்தப் பனிமூட்டத்தைத் துடைக்காதீர்கள்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 1997இல் வந்தபடியே அந்த ஆல்பம் இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. 2023 ஜனவரியில், வெளியிடாமல் கிடந்த பதிவுகளைத் தருகிற அவருடைய பூட்லெக் வரிசையின் 17ஆம் தொகுப்பாக ‘ஃபிராக்மென்ட்ஸ்’ என்ற இசைத்தட்டுப் பெட்டி வந்ததே, அதில் மைக்கேல் பிரௌயர் பழைய பதிவுகளின் ஒலியை மறுபடி கலந்து செய்திருக்கும் ரீமிக்ஸ்தான் உண்மையான ஆல்பம் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஆள் கூடிக்கொண்டே போகிறது. நான் முதல் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 1990க்குப் பிறகு ஏழு ஆண்டுகள், தானே புதிதாக எழுதிய பாடல்களைக் கொண்டு டிலன் ஒரு ஆல்பம்கூடத் தரவில்லை. நடுவில் 1992இலும் 1993இலும் வந்த இரண்டும் பழைய நாட்டுப்புறப் பாடல்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பழைய பாட்டுகள். ஒற்றை ஆளாகக் கிட்டாரையும் ஹார்மோனிகாவையும் வைத்துக்கொண்டு பாடியவை. இனி இவர் எழுத மாட்டார், பழைய பாட்டைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், அவ்வளவுதான் என்று நிறையப் பேர் நினைத்திருந்த காலம். அப்போதுதான் 1997 தொடக்கத்தில் மயாமியில் உள்ள கிரைட்டீரியா ஸ்டுடியோவுக்குள் போகிறார். தயாரிப்பாளர் டேனியல் லன்வா. 1989இல் ‘ஓ மெர்சி’ ஆல்பத்தை டிலனோடு செய்த அதே கனடாக்காரர்.

அந்த அறையைக் கற்பனை செய்து பாருங்கள். ஜிம் கெல்ட்னர், பிரையன் பிளேட் என்று ஒரே நேரத்தில் இரண்டு டிரம்ஸ். நாலைந்து கிட்டார்கள். கிடத்தி வைத்து வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிட்டார். ஆகி மேயர்ஸின் ஆர்கன், பக்கத்தில் ஜிம் டிக்கின்சனின் கீபோர்டு. இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழத்தான் செய்யும். லன்வா அதைத் தடுக்க நினைக்கவில்லை. சார்லி பாட்டன் மாதிரியான பழைய ப்ளூஸ் பாடகர்களின் இசைத்தட்டுகளைக் கேட்கச் சொல்லி அவரை அந்தப் பக்கம் திருப்பியதே டிலன்தான். முதல் பாட்டில், சின்னக் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ஹார்மோனிகாவைச் செலுத்தினால் எப்படிக் கரகரக்குமோ, கிட்டத்தட்ட அதே விதமாகக் குரலைக் கையாண்டிருக்கிறார்கள். ஆர்கன் வெட்டி வெட்டி விழுகிறது. குரல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வருகிறது.

இதைத்தான் எதிர்க்கட்சி ‘சேறு’ என்கிறது. பதினோரு பாட்டும் ஒரே சேற்றில் முங்கிக் கிடக்கிறது, யார் எதை வாசிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்கிறார்கள். ரீமிக்ஸில் குரல் முன்னால் வந்து நிற்கிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது, டிரம்ஸ் தனியாகத் தெரிகிறது. எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. அவர்களுடைய பலமான வாதம் இதற்கு அடுத்தது: ‘டிலனுக்கே இந்த ஒலியில் திருப்தி இல்லையே! அதனால்தானே 2001இலிருந்து ஜாக் ஃபிராஸ்ட் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு தன் ஆல்பங்களைத் தானே தயாரிக்க ஆரம்பித்தார்? பாடியவருக்கே பிடிக்காததை நீங்கள் ஏன் தாங்கிப் பிடிக்கிறீர்கள்?’

இந்தக் கேள்வி என்னை நிறைய நாள் யோசிக்க வைத்தது. நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். இந்தப் பாடல்களில் பேசுகிற ஆள் யார்? ராத்திரியில் நடந்துகொண்டே இருக்கிறவன். எங்கே போகிறோம் என்று தெரியாதவன். விட்டுப்போனவளை மறக்கவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் வாசற்படியிலேயே நிற்கிறவன். அவனுக்கே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஆளை லன்வா கொண்டுபோய் நிறுத்திய இடம்தான் அந்தப் பனிமூட்டம். அதைத் துடைத்துவிட்டால், நல்ல வெளிச்சமான அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கஷ்டத்தை விவரிக்கிற ஒருவர் கிடைக்கிறார். அவரும் நன்றாகத்தான் பாடுகிறார். ஆனால் எனக்கு அந்த நடக்கிறவன் வேண்டும்.

‘நாட் டார்க் யெட்’ பாட்டை இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரீமிக்ஸில் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுகிறது, மனதைப் பிசைகிறது, ஒப்புக்கொள்கிறேன். அசலில் கிட்டார்கள் மத்தியான வெக்கை மாதிரி மெதுவாக ஏறி வருகின்றன. டிரம்ஸுக்கு அவசரமே இல்லை. அதற்கு நடுவில் அந்தக் குரல் யாரிடமும் எதையும் சொல்ல வராமல், தனக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருக்கிறது. நான் ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும். ரீமிக்ஸில் அந்த உணர்வு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அப்புறம், இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. இதை மரணப்படுக்கை ஆல்பம் என்கிறார்கள். சாவைத் தொட்டுத் திரும்பியவர் எழுதியது என்று மூச்சுக்கு மூச்சு வருகிறது. தேதிகளைப் பாருங்கள். பாடல்கள் பதிவானது 1997 ஜனவரியில். பூஞ்சைத் தொற்றால் இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கி டிலன் மருத்துவமனையில் சேர்ந்தது அதே ஆண்டு மே மாதக் கடைசியில். ஆல்பம் கடைக்கு வந்தது செப்டம்பர் 30. நோய்ச் செய்தி முதலில் வந்துவிட்டதால், அதை மனதில் வைத்துக்கொண்டே எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள். எழுதிப் பாடும்போது அவருக்கு 55 வயதுதான். இதில் இருக்கிற களைப்பு காதலால் வந்த களைப்பு, நடந்து நடந்து வந்த களைப்பு. சாவின் நிழல் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதையே சாவியாக வைத்துக்கொண்டால், இந்த ஆல்பம் எத்தனை இடத்தில் சிரிக்கிறது என்பது காதில் விழாமலே போய்விடும்.

சிரிப்பு என்றால் முதலில் சொல்ல வேண்டியது ‘ஹைலாண்ட்ஸ்’. பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற கடைசிப் பாட்டு. இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். ராபர்ட் பர்ன்ஸ் என்ற பழைய ஸ்காட்லாந்துக் கவிஞரின் வரியைப் பிடித்துக்கொண்டு மலைநாட்டை நினைத்து ஏங்குவதாக ஆரம்பிக்கும். அப்படியே போய்க்கொண்டிருந்துவிட்டு, நடுவில் பாஸ்டனில் ஒரு உணவகத்துக்குள் நுழைந்துவிடும். அங்கே ஆளே இல்லை. பரிமாறுகிற பெண்ணும் பாடுகிறவரும்தான். நீங்கள் ஓவியர்தானே, என்னை வரையுங்கள் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். அவர் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்க்கிறார், முடியவில்லை. கடைசியில் ஒரு காகிதத் துண்டில் ஏதோ வரைந்து கொடுக்கிறார். இது என்னை மாதிரியே இல்லை என்கிறாள். அவர் விடாமல், உன்னை மாதிரியேதான் இருக்கிறது என்கிறார். எந்த அவசரமும் இல்லாமல், ஒரே கிட்டார் சுழலைச் சுற்றிச் சுற்றி வந்து இவ்வளவு நீளமான ஒரு பேச்சைப் பாட்டுக்குள் வைக்கத் துணிந்தவரை விடைபெறுகிற மனிதர் என்று எப்படிச் சொல்ல முடிகிறதோ!

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ‘மேக் யூ ஃபீல் மை லவ்’ இந்த ஆல்பத்தில் ஒட்டவில்லை. டிலனின் பதிவு வருவதற்கு முன்பே பில்லி ஜோயல் பாடி வெளியிட்டுவிட்ட பாட்டு அது. 2008இல் அடெல் பாடியபிறகு உலகத்துக்கே தெரிந்த பாட்டாகிவிட்டது. நல்ல பாட்டுதான், ஆனால் இந்த இருட்டில் அது வழிதவறி வந்து நிற்கிறது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ரீமிக்ஸ்தான் பொருத்தம். அதை வைத்துக்கொண்டு, அப்போதே பதிவான ‘மிசிசிப்பி’ என்ற பாட்டை வெளியே வைத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1998இல் ஷெரில் குரோ அதைப் பாடி, பிறகு 2001இல்தான் டிலனின் குரலில் நமக்கு வந்து சேர்ந்தது.

கிராமி என்ற அமெரிக்க இசை விருது பற்றி ஒரு வரி. 1998இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது இதற்குத்தான் போனது. ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ தோற்றுப்போனதை இன்றுவரை மன்னிக்காதவர்கள் உண்டு. இரண்டையுமே நேசிக்கிற எனக்கு அந்தச் சண்டையில் சேர மனமில்லை.

2023 பெட்டியை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அதன் முதல் தட்டுதான் ரீமிக்ஸ். அடுத்த இரண்டு தட்டுகளில் சேர்க்காமல் விட்ட பாடல்களும் வேறு வடிவங்களும் இருக்கின்றன. ‘மிசிசிப்பி’ மட்டுமே பலவிதமாகக் கிடைக்கிறது. நான்காவது தட்டில் 1998 முதல் 2001 வரை மேடைகளில் இதே பாடல்களை அவர் தன் குழுவோடு பாடிய பதிவுகள். அங்கே லன்வா கிடையாது, எதிரொலி கிடையாது. தெளிவான குரல் வேண்டும் என்கிறவர்கள் அந்தத் தட்டைப் போட்டுக் கேளுங்கள், டிலனே தன் கையால் துடைத்துக் கொடுத்தது அது. 1997இன் ஆல்பத்தை அதன் இருட்டோடு எங்களுக்கு விட்டுவிடுங்கள்.