மணல் மூட்டைக்கு முன்னால் லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள்
பிக்கப் டிரக்கின் பின்பக்கம் லேசானது, அதனால் டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டு வேகப் பந்தயத் தடத்தில்) பின்தொட்டியில் நான்கு மணல் மூட்டை போட்டால் கிளம்பும்போது சக்கரம் வழுக்காது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. பின்சக்கரத்தில் எடை கூடும், ஆனால் அதே எடையை பந்தயத்தின் 1,320 அடி (கால் மைல்) தூரமும் இழுத்தாக வேண்டும். தவிர, என்.எச்.ஆர்.ஏ. (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதிப்படி கூடுதல் பாரத்தை போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சும்மா கிடக்கும் மூட்டைக்கு அனுமதி கிடையாது. நண்பரின் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது எனக்குத் தெரிந்த கோளாறே வேறு. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பின் ஆக்ஸிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை 'எஸ்' எழுத்தைப் போல முறுக்கிக்கொண்டு, விடுபட்டு, மறுபடி முறுக்கியது. சக்கரம் தரையில் குதித்தது. தடத்தில் டயர் கறை விட்டு விட்டுத் தெரிந்தால் இதுதான் காரணம். ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் டிராக்ஷன் பார் மாட்டி, பின் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் குதிப்பு நின்றது, முதல் 60 அடி நேரமும் நன்றாகவே இறங்கியது. அங்கே 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் கிட்டத்தட்ட 0.15 விநாடியாவது குறையும் என்பது ஓட்டுபவர்களின் பொதுக் கணக்கு. அதே கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இந்தக் கவலையே இல்லை என்று எழுதியிருக்கிறார். பிடிமானம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, டிரைவ் ஷாஃப்டில் உள்ள தளர்வை எடுத்த பிறகே கிளம்புங்கள்; ஒரேயடியாக மிதித்தால் முன் ஆக்ஸிலின் யூ-ஜாயின்ட் (தண்டுகளை இணைக்கும் மூட்டு) உடையக்கூடும்.