தம்பிக்குத் தபால் வாக்கு, எனக்கு விமானச் சீட்டு

நானும் என் தம்பியும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். ஊர் பணகுடி, சட்டமன்றத்துக்கு இராதாபுரம், மக்களவைக்குத் திருநெல்வேலி. அவன் இராணுவத்தில் இருப்பதால் அவன் பெயர் சேவை வாக்காளர்களுக்கான தனிப் பட்டியலில் இருக்கிறது. நான் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால், எங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலின் இறுதியில் வெளிநாடு வாழ் வாக்காளர் என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் அவன் தன் முகாமிலேயே வாக்குச்சீட்டைப் பெற்று, குறியிட்டு, உறையில் வைத்து ஒட்டி அனுப்பிவிட்டான். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை என்பதால் எனக்கு இங்கே வார விடுமுறை. ஆனாலும் வாக்களிக்க வழியில்லாமல், ஊரில் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் எனக்கு வாக்குரிமை இல்லை என்று சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்டு, 2011இல் நடைமுறைக்கு வந்த 20ஏ பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத எந்த இந்தியரும் படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் வாக்காளராகலாம். ஆனால் வாக்களிக்க வேண்டுமென்றால் அசல் பாஸ்போர்ட்டுடன் அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் போக வேண்டும். எங்களுக்கு வாக்காளர் அடையாள அட்டை கிடையாது, பாஸ்போர்ட்தான் அட்டை. இதன் விளைவைத் தேர்தல் ஆணையத்தின் கணக்கே காட்டுகிறது: 2024இல் பதிவு செய்திருந்த வெளிநாடு வாழ் வாக்காளர்கள் 1,19,374 பேர், வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தில் வாக்களித்தவர்கள். கேரளம் நீங்கலாக இந்தியா முழுவதற்கும் சேர்த்து 288 பேர்.

மலையாளிகளுக்கு அரசியல் ஆர்வம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கட்சி சார்ந்த வளைகுடா அமைப்புகள் 'வோட்டு விமானம்' ஏற்பாடு செய்து ஆட்களை ஊருக்கு அழைத்துப் போகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அமைப்புகளை நான் குறை சொல்லவில்லை. ஒருவருடைய வாக்கு, அவருக்கு யார் பயண ஏற்பாடு செய்து தருகிறார்கள் என்பதைப் பொறுத்து அமைவதுதான் எனக்கு உறுத்துகிறது.

தம்பிக்கு வாய்த்த முறை ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. வாக்குச்சீட்டு மின்னணு வழியில் போகும், பூர்த்தி செய்த சீட்டு தபாலில் திரும்பும் என்ற இந்த ஏற்பாடு, 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. முன்பெல்லாம் காகித வாக்குச்சீட்டு எல்லைப்புற முகாமுக்குத் தபாலில் போய்ச் சேர்வதற்குள் வாக்கு எண்ணிக்கையே முடிந்துவிடும். இப்போது போகும் வழியில் ஆகும் நாட்கள் மிச்சம். திரும்பி வரும் உறைகளில் உள்ள கியூஆர் குறியீட்டை எண்ணிக்கை மையத்தில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 18 லட்சம் சேவை வாக்காளர்களில் அறுபது விழுக்காட்டினரின் சீட்டுகள் திரும்பி வந்தன. இதே வசதியை வெளிநாடு வாழ் வாக்காளர்களுக்கும் தர நாங்கள் தயார், தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம் உள்ளிட்ட 2021 சட்டமன்றத் தேர்தல்களிலேயே தொடங்கலாம் என்று 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும் என்பதே ஆணையத்தின் நிலை. 2021 தேர்தலும் போனது, 2024 தேர்தலும் போனது.

அதற்கு முன்பு அரசு முயன்றது வேறொரு வழி. நமக்குப் பதிலாக ஊரில் ஒருவர் வாக்களிக்கும் பதிலாள் முறைக்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலேயே அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியானது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். படையினருக்கு இந்த வசதி 2003 முதல் உண்டு என்பதை அறிவேன். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, நான் வேறு கட்சி. எனக்குப் பதிலாக அவர் சாவடிக்குப் போனால் இரண்டு வாக்குகளும் எங்கே விழும் என்பது தெரு முழுவதற்கும் தெரியும்.

ஆகவே தம்பிக்கு உள்ள முறையை எங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதை அப்படியே தூக்கிக் கொடுத்தால் போதாது. தபால் வாக்கின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை எங்கள் தொகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 203 தபால் வாக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன; தபால் வாக்கோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில், வாக்காளரின் கையெழுத்துக்குச் சாட்சியாகச் சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர்கள் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகள் அல்லர் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மறு எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாக்காளரின் விருப்பத்தில் யாருக்கும் ஐயமில்லை. கையெழுத்துப் போட்டவரின் பதவியே வழக்காயிற்று.

தம்பியின் படிவத்தில் கையெழுத்திட அவனுடைய மேலதிகாரி பக்கத்திலேயே இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்? தூதரகம்தான் என்றால், மஸ்கட்டில் இருக்கும் எனக்கு அரை நாள் விடுப்பு போதும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சலாலாவில் கட்டட வேலை செய்பவருக்கு அது இரண்டு மூன்று நாள் சம்பளம். அவருடைய பாஸ்போர்ட் பல நேரங்களில் அர்பாப்பின், அதாவது முதலாளியின், அலமாரியில் இருக்கும்; அப்படி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு என்பது வேறு விஷயம். தூதரகங்கள் வெளியூர்களில் கான்சுலர் முகாம்கள், அதாவது தூதரகச் சேவை முகாம்கள், நடத்துகின்றன. தேர்தல் காலத்தில் அந்த முகாம்களிலேயே சான்றொப்பமும் இட்டு, உறையையும் வாங்கி, தூதரகப் பையில் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவர் எல்லோருடைய உறைகளையும் "நான் போட்டுவிடுகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போவதை விதி அனுமதித்துவிட்டால், ரகசிய வாக்கு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. வளைகுடா அரசுகள் இதையெல்லாம் ஏற்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 2003இல் சட்டம் இயற்றி, 2004 தேர்தலிலிருந்து பிலிப்பைன்ஸ் தன் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தூதரகங்கள் வழியாக வாக்களிக்க வைத்து வந்திருக்கிறது, வளைகுடா நாடுகளிலும்தான்.

அடுத்தது நாட்கணக்கு, இதில் தம்பிக்கும் எனக்கும் ஒரே குறைதான். அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டப்படி, படையினருக்கும் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கும் கூட்டாட்சித் தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்பே வாக்குச்சீட்டை அனுப்பியாக வேண்டும். இங்கே வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் வாக்குச்சீட்டே உருவாகும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் கேட்பது 14 நாட்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் மனு வாபஸ் பிப்ரவரி 10, எண்ணிக்கை மார்ச் 2. எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் உறை போய்ச் சேர வேண்டும். பனிமலை முகாமிலிருந்து ஓர் உறை ஈரோட்டுக்கு வருவதற்கு இருபது நாள் ஒருவேளை போதலாம். மஸ்கட்டிலிருந்து சாதாரணத் தபாலில் வருமா என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். பல கட்டமாக நடக்கும் பொதுத்தேர்தலில் எண்ணிக்கை தள்ளிப்போவதால் கிடைக்கும் அவகாசம் தற்செயலானது. குறைந்தது 30 நாள் இடைவெளி என்று விதியே சொல்ல வேண்டும்.

தம்பிக்கு இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு. ஓய்வு பெற்ற பல படைவீரர்களைப் போல அவனும் வளைகுடாவில் பாதுகாப்புப் பணிக்கு வர ஆசைப்படுகிறான். மஸ்கட்டில் ஏதாவது வேலை இருந்தால் சொல் என்று சென்ற மாதம்கூடக் கேட்டான். வரும்போது படிவம் 6ஏவையும் நிரப்பிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.