சூப்பர்பேர்ட் கூரையில அந்த வினைல் எதுக்கு?

அமெரிக்கன் மசில் கார்னாலே, அதாவது பெரிய இன்ஜின் போட்ட வேகமான கார்னாலே, இஷ்டப்பட்ட இன்ஜின், இஷ்டப்பட்ட கியர்பாக்ஸ், எல்லாத்தையும் நாமளே டிக் அடிச்சு வாங்கலாம்னுதான் ரொம்ப பேர் நெனச்சுட்டு இருக்காங்க. ரேசுக்காகப் பொறந்த வண்டிங்கள்ல அது நடக்காது, அங்க பாதி விஷயத்த முடிவு பண்ணது ரேஸ்ல ஓடணும்னா ஜனங்களுக்கு விக்க எத்தன வண்டி செய்யணும்ங்கற கணக்குதான்.

1970 ப்ளிமத் சூப்பர்பேர்டையே பாருங்க. கூரான மூக்கு, பின்னாடி பெரிய றெக்கை, வண்டி எந்தக் கலரா இருந்தாலும் கூரையில கருப்பு வினைல், அதாவது தோல் மாதிரி இருக்கற பிளாஸ்டிக் உறை. வேணாம்னு சொல்லவே முடியாது. அது அழகுக்குன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும். காத்து வழுக்கிட்டுப் போகணும்னு பின் கண்ணாடியச் சுத்தி புதுசா தகடு வெச்சு வெல்டு பண்ணாங்க, அந்த வெல்டு தடத்த மறைக்கத்தான் வினைல்! முந்தின வருஷம் டாட்ஜ் சார்ஜர் டேட்டோனாவுலயும் இதே மாதிரி வேலைதான், ஆனா அப்போ நாஸ்கார்ங்கற அமெரிக்க கார் ரேஸ் அமைப்போட ரூல் 500 வண்டி, அவங்க செஞ்சது 503, அதனால வெல்டு போட்ட எடத்த தேய்ச்சு நெரவி பெயின்ட் அடிக்க முடிஞ்சுது. 1970க்கு ரூல மாத்தி ரெண்டு டீலருக்கு ஒரு வண்டின்னு சொல்லிட்டாங்க. ப்ளிமத் தலையில விழுந்தது 1,900க்கு மேல, அதுவும் சில மாசத்துக்குள்ள. அத்தன வண்டிக்கும் யாரு உக்காந்து தேய்க்கிறது, வினைல ஒட்டி அனுப்பிட்டாங்க. எனக்கு அது குறையாத் தெரியல, அவசரத்துல யோசிச்ச நல்ல மூளை.

ஃபோர்டு கதை வேற. 1969 பாஸ் 429ங்கற மாடல்ல நாஸ்காருக்கு வேண்டியது இன்ஜின்தான், அத 500 வண்டியில போட்டு வித்தாப் போதும், அதுக்கு அவங்க புடிச்சது முஸ்டாங். அவ்ளோ அகலமான இன்ஜின் உள்ள போகாம முன் சஸ்பென்ஷனத் தாங்கற ஷாக் டவர வெட்டி நகத்தி, பேட்டரிய டிக்கிக்கு அனுப்பி, ஏசி கேட்டாலும் கெடையாதுன்னுட்டாங்க. ஆட்டோமேட்டிக்கும் கெடையாது.

சூப்பர்பேர்ட் பாவம், ரூலுக்காக செஞ்ச அளவுக்கு வாங்க ஆள் வரல. நாஸ்கார் ரேசர் ரிச்சர்ட் பெட்டி ஓட்டி ஜெயிச்ச வண்டி, ஷோரூம் வாசல்ல தூசி புடிச்சு நின்னுச்சு. சில டீலருங்க மூக்கையும் றெக்கையையும் கழட்டிட்டு சூப்பர்பேர்டுக்கு அடிப்படையான சாதா ரோடு ரன்னர் காரா மாத்தி வித்தாங்க. அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.