தூர் வாருவது கடைசி வேலை

ஏப்ரல் பிறந்தால் ஊருக்கு ஊர் ஒரே கோரிக்கைதான்: கண்மாயைத் தூர் வாரணும். பணம் ஒதுக்கினதும் பொக்லைன் இறங்கும், பேனர் ஏறும், படம் எடுப்பார்கள். ஐப்பசி மழையில் கரை உடைந்தால், "தூர் வாராததால்தான் உடைந்தது" என்று மறுபடியும் அதே கோரிக்கை. கரையைக் காப்பாற்றுவது உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், வெட்டின பள்ளம் இல்லை; கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் அரை மீட்டர் மண் எடுத்தால் 2 லட்சம் கன மீட்டர். மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் ஏறத்தாழ 23,500 நடை. நடப்பது என்னவோ, வண்டி இறங்க வசதியான மூலையில் நாலு குழி. அதே கண்மாய்க்கு 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருந்து, ஒரே நாளில் 20 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி ஓடிவந்தாலே 10 லட்சம் கன மீட்டர். 2023 டிசம்பர் 17-18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 செ.மீ. எந்தப் பள்ளம் அதைத் தாங்கும்? வந்த வேகத்தில் வெளியேறத்தான் வழி வேண்டும்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கிணற்று ஊற்றுக்கும் ஆடுமாடுகளுக்கும் ஆகும், அவ்வளவுதான். அதற்கும் கீழே களிமண் படுகையைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டால், தை மாதம் நிற்க வேண்டிய தண்ணீர் மார்கழியிலேயே இறங்கிவிடும். வண்டல் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மானாவாரிக் காட்டுக்கு இந்த வண்டலை, அதாவது கரம்பையை, அடிப்பதைப்போல நல்லது வேறில்லை. ஆனால் உள்வாய் முழுக்க மேலாகச் சீவி எடுக்க வேண்டும். கரை அடியிலிருந்து 10 மீட்டருக்குள் மண்வெட்டியே படக்கூடாது. அங்கே பள்ளம் விழுந்தால் கரை உட்பக்கமாகச் சரியும்.

கலிங்குக்கு வருவோம். 20 மீட்டர் நீளக் கலிங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால், விநாடிக்குச் சுமார் 16 கன மீட்டர் வெளியேறும். "கொஞ்சம் கூடுதலாகத் தேங்கட்டுமே" என்று யாரோ அதன்மேல் ஓர் அடிக்கு மணல் மூட்டை அடுக்கி வைக்கிறார். இப்போது கரைக்கு ஆபத்தில்லாமல் வழிய மிச்சம் இருப்பது 30 செ.மீ. பாதி உயரம் போனால் பாதி தண்ணீர் போகும் என்று நினைப்பீர்கள். இல்லை, 5.6 கன மீட்டர்தான் போகும். மூன்றில் ஒரு பங்கு. மீதித் தண்ணீர் கரைமேல் ஏறும். மண்கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது.

பழைய கலிங்குகளில் வரிசையாக நட்டிருக்கும் கல்தூண்கள் இப்படிக் கூடுதலாகத் தேக்கத்தான். பெருமழை ஓய்ந்த பிறகு, கல்லுக்குக் கல் இடையில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, கடைசித் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். அடைப்பது தவறில்லை. ஐப்பசியிலேயே அடைப்பதுதான் தவறு.

கலிங்கு சரியாக இருந்தாலும், அதில் வழிந்த தண்ணீர் போகும் மறுகால் ஓடையில் வீடு இருந்தால் பயனில்லை. சங்கிலித் தொடர் கண்மாய்களில் மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. மேலே ஒன்று உடைந்தால் ஒட்டுமொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும், அடுத்ததும் உடையும். நிர்வாகமோ, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம் என்று பிரிந்து கிடக்கிறது. ஒரே ஓடையில் இருக்கும் மூன்று கண்மாய்க்கு இரண்டு அலுவலகம், மூன்று எஸ்டிமேட். தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது.

கரை வேலையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். புல்லையும் வேரையும் சீவி எடுக்காமல், பழைய கரைமேல் அப்படியே மண் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிவிட்டு, புது மண்ணை 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, பிறகுதான் அடுத்த அடுக்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் சரியான ஈரம். புரட்டாசியில் அவசரமாகப் பொக்லைன் வாளியால் தட்டிவிட்டுப் போகும் கரை, முதல் மழையிலேயே விரிசல் விடும். கரையில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பதும் அப்படித்தான். வேர் மக்கினதும் அது தண்ணீர் போகும் குழாய். மடையைப் புதிதாகக் கட்டும்போது கான்கிரீட்டை ஒட்டின மண்ணைக் கையால் திமிசு போட்டு இடிக்க வேண்டும், அங்கே ரோலர் எட்டாது.

மழைக்காலத்தில் புறக்கரை அடியில் ஊற்று கிளம்பினால் முதலில் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் காவல் போட்டுக் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் மண் கரைந்து வெளியேறுகிறது. அப்போது களிமண் வைத்து அடைக்கவே கூடாது, பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று போட வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும்.

ஆகவே பணம் வந்தால் வரிசை இதுதான்: மறுகால், கலிங்கு, கரை, மடை, வரத்துக்கால்வாய், கடைசியில் வண்டல். இந்த வரிசையை யார் முடிவு செய்வது? ஆயக்கட்டு விவசாயிகள்தான். ஏரியைக் கவனிக்கவே ஒரு குழு வைத்திருந்த உத்திரமேரூர் கல்வெட்டின் ஏரி வாரியத்தை மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000-ல் சட்டமும் வந்தது, 2017-ல் ஊர்க்காரர்களே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து மறுபடி ஆரம்பித்தது. ஆனாலும் பல ஊர்களில் பாசன சங்கம் என்பது கையெழுத்துப் போட ஒரு தலைவர், அவ்வளவுதான். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி இல்லை, ஷட்டருக்குக் கிரீஸ் இல்லை.

அடுத்த கிராமசபையில் "எவ்வளவு தூர் வாரினீர்கள்?" என்று கேட்காதீர்கள். கலிங்கின் நீளம் எத்தனை மீட்டர், அதற்கும் கரை உச்சிக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, மறுகால் எந்த சர்வே எண்கள் வழியாகப் போகிறது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மேல் கண்மாய், கீழ்க் கண்மாய்க்காரர்களையும் கூட்டிவந்து கேளுங்கள். அளந்து எழுதின பதில் ஆடிக்குள் கைக்கு வரவேண்டும், அப்போதுதான் மழைக்கு முன்னால் வேலை முடியும்.