பஞ்சத்துக்கு எதிர்ச்சொல்

மகளுக்கு வீட்டுப்பாடத்தில் எதிர்ச்சொல் எழுதச் சொல்லியிருந்தார்கள். மேடு பள்ளம், இன்பம் துன்பம் எல்லாம் மளமளவென்று எழுதியவள் 'பஞ்சம்' வந்ததும் நின்றுவிட்டாள். 'செழிப்புன்னு போடு, மார்க் குடுத்துருவாங்க' என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரனான நான், எங்கள் ஊரில் யாரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. பஞ்சம்தான் தினமும் காதில் விழும். அரசு ஊழியரை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்களே, அந்தக் காடு நாங்கள்தான்.

சரி, தமிழில் இதற்குச் சொல்லா இல்லை? ஏராளம், தாராளம், அமோகம், அபரிமிதம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கரையில் நின்று கேட்டால் நம் மிகுதிச் சொற்கள் பாதிக்குப் பக்கத்தில் ஒரு வம்பும் நிற்கிறது. மலிவை எடுத்துக்கொள்ளுங்கள். மலிதல் என்றால் நிறைந்து பெருகுதல்; பெருகினால் விலை விழும், அதனால்தான் மலிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாகக் கரைக்கு வரும் நாளில் பார்க்க வேண்டும். 'மீனு மலிஞ்சு கிடக்கு' என்று டவுனிலிருந்து வாங்க வந்தவர் பல்லெல்லாம் தெரியச் சொல்வார். அதே வார்த்தையைப் படகு வைத்திருக்கும் என் மாமா, டீசல் கணக்கை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு, எழவு வீட்டில் பேசுகிற மாதிரி சொல்வார். சூடை மீன் ஒரு வாரம் தொடர்ந்து விழுந்தால் போதும், ஏலம் கேட்க ஆள் இருக்காது; பாதி மணலில் கருவாடாகக் காயும், மீதி கோழித்தீவனத்துக்கு லாரி ஏறும். பிடிபட்ட மீனுக்கு நாங்கள் வைத்திருக்கும் சொல்லே 'பாடு'தான். மீன்பாடு நல்ல பாடு என்று சந்தோஷமாகச் சொல்லும் அதே வாய், படாத பாடு பட்டேன் என்றும் சொல்லும்.

கொள்ளையும் அப்படித்தான். 'கொள்ளையாக் கிடக்கு' என்றால் நிறைய கிடக்கிறது. கொள்ளை போனது என்றால் போலீஸுக்குப் போக வேண்டும். எக்கச்சக்கமாய்ச் சம்பாதிக்கலாம், எக்கச்சக்கமாய் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். மக்கள் வெள்ளம் என்று மேடையில் பேசுகிறவருக்கு நிஜ வெள்ளம் தெரியாது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காவிரிக் குழாய்க்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்களில் முழங்கால் தண்ணீர், அதில் அதே குடங்கள் மிதந்தன. அந்த வாரம் யாராவது என்னிடம் 'வளம்' என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

கீழக்கரையில் நான் சரக்கு எடுக்கும் கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் இதை வேறு மாதிரி பிரித்துவிட்டார். 'வருமானம் ஏராளமா வருது தம்பி, பரக்கத்துதான் இல்ல.' அரபியிலிருந்து வந்து எங்கள் கரையில் ஊன்றிவிட்ட சொல் அது. கையில் இருப்பது கொஞ்சமென்றாலும் அது நின்று பயன்பட்டால் பரக்கத்து. இவ்வளவு தெளிவான பிரிவினை ஏராளம், தாராளம் எதிலும் இல்லை என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்தது நிறைதான். நிறைய என்று சொல்லும்போதே ஒரு பானை, ஒரு கம்மாய், ஏதோ ஒன்று அளவோடு கண்ணுக்குத் தெரிகிறது. உள்நாட்டுக் கிராமங்களில் கம்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த கம்மாய்க்குப் போகும். 'மறுகால் பாயுது' என்று போனில் சொல்லும் குரலில் இருக்கும் நிம்மதியை அபரிமிதத்தில் தேடாதீர்கள்.

ஆனால் வீட்டுக்குள் இந்தச் சொல்லை நாங்கள் தலைகீழாகத்தான் பயன்படுத்துகிறோம். வீட்டில் அரிசியோ உப்போ தீர்ந்துவிட்டால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது, 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர், சுடுகாட்டை நன்காடு என்பது போல. நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவார்களே, அந்த வகை.

கல்யாணமான புதிது. என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. நான் சாமான் வாங்கக் கிளம்பும்போது அம்மா அடுப்படியிலிருந்து 'அரிசிப்பானை நிறைஞ்சிருக்கு தாயி, அவன்கிட்ட சொல்லிரு' என்றிருக்கிறார். இவளும் ரொம்பச் சந்தோஷமாக வந்து, 'அரிசி வேண்டாங்க, நிறைய இருக்குதாம்' என்றாள். மறுநாள் மதியம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, சூடை மீன் பொரித்து வைத்தாயிற்று, பானையைத் திறந்தால் அடியில் ஒரு பிடி அரிசியும் அதற்குள் கிடந்த உழக்கும். அன்று பரோட்டாக் கடை பார்சல்தான்.

இன்று சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது: 'உப்பு நிறைஞ்சிருக்கு. வரும்போது ரெண்டு பாக்கெட்.'